கண் படாத செடி

வேதாச்சலத்தின் கண் பொல்லாத கண் என்பது பங்காருபாளையத்துப் பக்கம் கைக்குழந்தை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் தெருவில் வருவது தெரிந்தால் பால் சொம்பு முந்தானைக்குள் போகும், குழந்தையின் முகம் தாயின் தோளுக்குள் போகும். கறவை மாட்டைத் திருப்பிக் கட்டினவர்களும் உண்டு. இத்தனைக்கும் மனிதர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, யார் குடியையும் கெடுத்ததில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

எல்லாம் கங்கையாவின் மாந்தோப்பில் ஆரம்பித்தது. வேதாச்சலத்தின் நைனாவும் அம்மாவும் அங்கே கூலிக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட வயசில் அவர் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இம்மா காயா" என்று வாயைப் பிளந்தார். அன்று சாயங்காலம் காற்று சுழற்றி அடித்தது. விடிந்து பார்த்தால் அந்த மரத்துக் காய் அத்தனையும் தரையில். காற்று மற்ற தோப்புகளிலும்தான் அடித்தது. அங்கெல்லாம் யார் கண் பட்டது என்று யாரும் கேட்கவில்லை. பையன் கண் பட்டுவிட்டது என்று கங்கையா ஒரு வார்த்தை சொன்னார், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது, பேர் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்து பஸ் கண்டக்டர் ஆன பிறகும் அந்தப் பேர் டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறி வந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வண்டி. புத்தலப்பட்டில் ஏறுகிற பூக்காரி, கூடையைத் துணியால் மூடிக்கொண்ட பிறகுதான் சில்லறையை நீட்டுவாள். அவர் சிரித்துக்கொள்வார். "என் கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா, மேல் அதிகாரிங்கள ஒரு பார்வ பாத்திருக்க மாட்டனா?" என்று டிரைவரிடம் கேலி பேசுவார். டிரைவரும் சிரிப்பான். ஆனால் தன் சோற்று டப்பாவை அவர் முன்னால் திறக்க மாட்டான்.

ஊர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் வேதாச்சலம் நிம்மதியாக இருந்திருப்பார். அவருடைய கஷ்டம் வேறு. நல்லதாக எதைப் பார்த்தாலும் அவருக்கு நிஜமாகவே வயிறு எரியும். அடுத்தவன் மகள் கழுத்துச் சங்கிலி, அடுத்தவன் வீட்டுப் புது கேட், அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைத்த வேலை, எல்லாமே அவருக்குள் போய் ஒரு சூடு போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இது வெளியில் யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவி வெங்கடலட்சுமிக்குக்கூடத் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த எரிச்சலில் பெரும் பங்கு தம்பி ஹரிபாபுவுக்குத்தான். இரண்டு பேரும் ஒரே கூலிக் குடிசையில் பிறந்தவர்கள்தான். ஹரிபாபு திருப்பதிக்குப் போய், ஒரு பழைய வேனை வாங்கி, மலைக்கு வருகிற யாத்திரிகர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி இறக்க ஆரம்பித்தான். நாடு முழுக்கக் கையில் காசு புரள ஆரம்பித்திருந்த நேரம் அது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி வைத்துக்கொண்டு சாமி பார்க்க வந்தார்கள். ஒரு வேன் பல வேன் ஆனது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட் வந்தது. மகள் பிரித்திகா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, அமெரிக்காவுக்கும் போய்விட்டாள். வேதாச்சலத்தின் ஒரே மகன் சிரஞ்சீவி பத்தாவதோடு நின்று, இப்போது சித்தப்பாவின் வேன் ஒன்றைச் சித்தூரிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

மற்றதெல்லாம்கூடப் போகட்டும். அந்த வேனை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் அது வாசலில் வந்து நிற்கும். பக்கவாட்டில் ஹரிபாபு டிராவல்ஸ் என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சித்தூரில் மாடி வீட்டில் குடியிருந்த அவர், ஜன்னலில் உட்கார்ந்து தினமும் அதைப் படிப்பார்.

அந்த வேனில்தான் ஒருநாள் செடி வந்து இறங்கியது.

பிரித்திகாவுக்குப் பிரசவ நேரம். பார்த்துக்கொள்ள ஹரிபாபுவும் அவன் மனைவி ரூபாவும் அமெரிக்கா கிளம்பினார்கள். அந்த வருஷங்களில் திருப்பதியில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு அம்மாக்கள் விமானம் ஏறினார்கள். வீட்டைப் பூட்டலாம். செடியை என்ன செய்வது?

அது நடுக்கூடத்தில் வைத்து வளர்க்கிற செடி. பிரித்திகா முதல் சம்பளத்தில் பெங்களூர் மலர்க் கண்காட்சியில் வாங்கியது. அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பேர் உண்டு. ரூபா உட்பட எல்லோரும் குரோட்டன்ஸ் என்றே சொன்னார்கள். சேப்பங்கிழங்கு இலை மாதிரி அகல அகலமான இலை, பச்சையில் வெள்ளை வெள்ளையாகத் தெளித்திருக்கும். பூக்காது, காய்க்காது, சமையலுக்கும் ஆகாது. இருந்தாலும் ரூபா அதைப் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தாள். மகள் அமெரிக்கா போன பிறகு அது நன்றாக இருந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தாள்.

ஹரிபாபுவும் சிரஞ்சீவியும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஆறு மாசம்தாங்ணா. கொழந்த பொறந்து கொஞ்சம் தேறனதும் வந்துடுவோம். இத மட்டும் பாத்துக்க."

"உன் ஃப்ளாட்ல அவ்ளோ பேர் கீறாங்களே, ஒருத்தரும் இல்லியா?" என்றார் வேதாச்சலம்.

"கீறாங்க. கூடப் பொறந்தவன் இருக்கச் சொல்லோ நான் எதுக்குணா அவங்களப் போய்க் கேக்கணும்? வேற எங்க வுட்டாலும் எனக்குத் தூக்கம் வராது."

வேதாச்சலத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. தன்னைப் பற்றி ஊரே பேசுவது இவனுக்கும் தெரியும், தெரிந்தும் கொண்டுவந்திருக்கிறான். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைப் பக்கம் போனார். உள்ளே ரூபாவின் குரல் கேட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. இவரு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. மாமா கண்ணு படாத எடமா பாத்து வை. புள்ளத்தாச்சிப் பொண்ணு சமாச்சாரம்."

வெங்கடலட்சுமி என்ன சொல்லப் போகிறாள் என்று வேதாச்சலம் கதவுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கிறவள், அவருக்குச் சோறு போடுகிறவள். என்ன பேச்சு பேசுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தார்.

"சரி ரூபா" என்றாள் வெங்கடலட்சுமி.

அவர் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டார்.

அன்றைக்கே அவர் ஒரு முடிவு எடுத்தார். செடியைப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவார், காவல் இருப்பார், ஆனால் கண்ணால் பார்க்க மாட்டார். பாதி கோபம், பாதி பயம். செடிக்கு ஒன்று ஆகி, அங்கே அந்தப் பெண்ணுக்கும் ஒன்று ஆகிவிட்டால், சாகிற வரைக்கும் அந்தப் பழி தன் கண்மேல்தான். ஊர் சொல்வது இருக்கட்டும், அவரே அதை நம்பிவிடுவார். அதுதான் அவருக்குப் பெரிய பயம்.

வெளிச்சம் வருகிற ஜன்னல் அந்த வீட்டில் ஒன்றுதான். அவர் பேப்பர் படிக்கிற ஜன்னல். செடி அங்கே உட்கார்ந்துகொண்டது. அவருடைய நாற்காலி சுவரோரம் போனது. வந்த அன்றைக்கே தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்தச் செடியின் மேல், பார்க்காமலே அவருக்கு எரிந்தது. காத்து வேண்டுமாம், வெயில் நேராகப் படக்கூடாதாம், மின்விசிறியின் கீழே வைக்கக்கூடாதாம். ஆளுக்கு இல்லாத மரியாதை எல்லாம் அதற்கு இருந்தது.

காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஜன்னல் வரைக்கும் போவார், முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வார், கையால் தொட்டி விளிம்பைத் தடவிப் பார்த்து ஊற்றுவார். மண் குடிக்கிற சத்தம் நின்றதும் நிறுத்துவார். செடியைப் பார்க்காமல் செடி வளர்த்த மனிதர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ரூபா தண்ணீர் விஷயமாக என்னவோ சொல்லிவிட்டுத்தான் போனாள், மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றச் சொன்னாள். மண் காய்ந்ததா என்று பார்க்கத்தான் கண் வேண்டுமே. தாராளமாக ஊற்றிவிட்டால் குறை சொல்ல முடியாது என்று அவர் தாராளமாகவே ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவிலிருந்து போன் வரும். ரூபாதான் முதலில் பேசுவாள்.

"செடி எப்டி கீது மாமா?"

"அதுக்கின்னா கொறச்சல்? ராஜா மாதிரி கீது" என்பார் வேதாச்சலம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பிறகுதான் சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்பதெல்லாம். போனை வைத்ததும் அவருக்குக் கொதிக்கும். கூடப் பிறந்தவன் பெண்டாட்டி, புருஷனுடைய அண்ணனின் மூட்டு வலியைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, செடியைக் கேட்கிறாள்.

அப்புறம் போட்டோ வந்தது. மரவீடு, முற்றமெல்லாம் பனி, குல்லாய் போட்ட ஹரிபாபு. அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு மத்தியானத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தார். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தும் எடுத்தார். பல் வலிக்கிற இடத்தை நாக்கு விடாமல் தேடிப் போகிற மாதிரி.

வெங்கடலட்சுமி மட்டும் இடையிடையே ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் பேசியது ஹரிபாபு. குரல் கம்மியிருந்தது. பிரித்திகாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பின்னால் ரூபா அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, செடி நல்லாதான கீது?"

"நல்லா கீதும்மா" என்றார்.

போனை வைத்துவிட்டு, பழக்கப்படி சொம்பை எடுத்துக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடி ஜன்னலுக்கு நடந்தார். பாதத்தின் கீழே குளிர்ச்சியாக, கொழகொழவென்று ஏதோ மிதிபட்டது. குனிந்தார். மஞ்சளாய்ப் பழுத்த ஓர் அகல இலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இத்தனை நாளாகத் திருப்பி வைத்திருந்த தலையை அவரையும் அறியாமல் நிமிர்த்தினார்.

ராஜா மாதிரி என்று அவர் சொல்லிவந்த செடி தலை தொங்கிப்போய் நின்றது. கீழ் இலைகள் பாதி இல்லை, இருப்பவை மஞ்சள். தண்டும் இலைக்காம்பும் சேருகிற சந்துகளில் பஞ்சு பஞ்சாய் வெள்ளை. மாந்தோப்பில் வளர்ந்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம், மாவுப்பூச்சி. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்தது. மண் சேறாக இருந்தது. அந்தச் சேற்றின் மேலும் தொட்டி விளிம்பிலும் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார்.

உப்புதான்.

"லட்சுமி" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் வந்து நின்றாள். அவர் செடிக்கு நேராக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவள் கை தன்னால் வாயைப் பொத்தியது.

"இன்னா போட்ட இதுல?"

"சுத்திப் போட்டன். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும். உப்பத் தண்ணில கரைச்சி கால் படாத எடத்துல ஊத்தணும். மாடி வூட்ல கால் படாத எடத்துக்கு எங்க போவேன்? தொட்டிலயே ஊத்திட்டன்."

"யார் கண்ணுக்குச் சுத்தன?"

"எல ஒண்ணொண்ணா மஞ்ச கட்டிச்சி. எனக்குப் பயமாப் போச்சிங்க."

"யார் கண்ணுக்குன்னு கேட்டன்."

"உங்க கண்ணுக்குத்தான்" என்றாள் வெங்கடலட்சுமி. "போட்டோவப் பாத்துக்கினு நீங்க பெரள்றது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு கீறீங்க?"

வேதாச்சலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. ஊருக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவளே சொன்னால் அப்பீல் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் இத ஒரு நாள்கூடப் பாக்கல லட்சுமி. வந்த நாள்லேந்து இன்னிக்குத்தான் பாக்கறேன். பாத்திருந்தா இப்டி ஆயிருக்காது."

அவள் நம்பினாளோ இல்லையோ, துடைப்பம் எடுத்து வந்து இலைகளைக் கூட்டினாள்.

மறுநாள் சிரஞ்சீவி நீவா ஆற்று மணல் ஒரு சாக்கும், ஊரிலிருந்து செம்மண்ணும், மக்கிப் பொடியான சாணி எருவும் வேனில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வேன் ஓர் உபயோகமான காரியம் செய்ததை வேதாச்சலம் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்தார். உப்பு மண்ணை எல்லாம் உதறினார். அழுகிக் கறுத்த வேரைக் கத்தியால் நறுக்கினார். செடியின் பால் பட்டுக் கை இரவெல்லாம் நமைச்சல் எடுத்தது. தொட்டியைக் கழுவிக் காயவைத்து, புது மண் போட்டு நட்டார். கந்தல் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு சந்தாகப் பூச்சியைத் துடைத்தார். அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கு இலையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் போக வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் பார்க்க ஆரம்பித்தார் பாருங்கள், அதுவும் ஒரு பார்வைதான். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் பார்ப்பார். மண்ணுக்குள் விரலை விட்டு, ஈரம் இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுவார். மாங்காய் லாரிகள் கிளப்புகிற தூசி இலையில் படிந்தால் ஈரத்துணியால் துடைப்பார். வெளிச்சத்துக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தொட்டியைக் கொஞ்சம் திருப்புவார். நாற்காலி சுவரோரத்திலிருந்து ஜன்னலுக்கே திரும்பி வந்தது. செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகப் பேர், பேப்பர் மடியில் கிடக்கும்.

முதல் சில நாட்கள் அவருக்கு நடுக்கம்தான். பார்க்கிறோமே, உள்ளே எரிந்துவிடுமோ என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் நடுத்தண்டின் உச்சியில் சுருட்டி வைத்த வெற்றிலை போல ஒன்று எட்டிப் பார்த்தது. மறுநாள் இன்னும் நீண்டது. பிறகு ஓரம் விட்டு மெல்லப் பிரிந்து, ஈரப் பளபளப்போடு, வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு முழு இலை. அவர் கண் எதிரே விரிந்தது. எதுவும் கருகவில்லை. வேதாச்சலம் உள்ளே ஓடிப்போய் வெங்கடலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அவள் இலையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் உப்பைத் தொடவில்லை.

பிரித்திகாவுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. போனில் சேதி கேட்டதும் அவர் செடியிடம்தான் முதலில் சொன்னார்.

அதனால் மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியது. கீழ்வீட்டு செல்லியம்மா மேலே வந்து, "எல இன்னா அகலம்" என்று தொட்டுப் பார்த்தால் இப்போது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் போனதும் அவள் தொட்ட இலையைத் துடைப்பார். இன்னும் சில வாரத்தில் ரூபா வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள், திருப்பதிக் கூடத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் நான் வளர்த்தேன் என்பாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. செத்துக்கிடந்ததை எழுப்பினவன் நான், பேர் அவளுக்கா?

அவர்கள் வந்த அன்று மத்தியானம் வெங்கடலட்சுமி வடை சுட்டு, காபியும் போட்டாள். ரூபா படியேறி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்தாள். செடி அவளுடைய தோள் உயரத்துக்கு நின்றது. அடியில் பக்கக் கன்று ஒன்று வேறு விட்டிருந்தது.

"நான் வுட்டுட்டுப் போன செடிதானா மாமா இது?"

"அதேதான். மண்ணுதான் மாத்தனேன்."

அவள் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நான் அன்னிக்கி அக்காகிட்ட ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். "வட ஆறுது, துன்னு" என்று வேதாச்சலம் பேச்சை மாற்றிவிட்டார்.

ஹரிபாபு செடிக்குக் கிட்டத்தில் போனான். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தான். "என் வூட்ல ஏசிலாம் போட்டு வெச்சோம்ணா. இப்டி வர்லியே. இன்னா போட்ட?" என்றான். சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வேற இன்னாவோ போட்டிருக்கணா. சொல்ல மாட்டேங்கற" என்றான். அவன் ஆள் இளைத்திருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"அமெரிக்கா எப்டி?"

"இன்னா அமெரிக்கா. கண்ணாடி ஜன்னலாண்ட குந்திக்கினு பனி வுழறதப் பாத்துக்கினு கெடந்தேன். மாப்பிள்ளையும் அவளும் இங்கிலீஷ்ல பேசிக்கினு வருவாங்க, போவாங்க. பேத்தியத் தூக்கப் போனா, கை கழுவுனியா நைனான்னு கேக்கறா. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டாங்கணா. அங்கியே வூடு வாங்கறாங்க."

அப்போது வாசலில் வேன் சத்தம் கேட்டது. சிரஞ்சீவி மேலே வந்தான். சாவியை ஆணியில் மாட்டினான். "வந்துட்டியா சித்தப்பா" என்றான். யாரையும் கேட்காமல் அப்பாவின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தான். "கைய கழுவுடா" என்று வேதாச்சலம் அதட்டினார். அவன் கழுவவில்லை. அவர் தோளில் கையை ஊன்றி நின்றுகொண்டு, இன்னொரு வடையையும் எடுத்தான்.

வேதாச்சலம் தற்செயலாகத் தம்பியைப் பார்த்தார்.

ஹரிபாபு செடியைப் பார்க்கவில்லை. அண்ணன் தோளில் இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்காமல், பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை வேதாச்சலம் வெளியிலிருந்து கண்டதே இல்லை. அது உள்ளே இருக்கும்போது எப்படி எரியும் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"நீ குடுத்து வெச்சவன்ணா" என்றான் ஹரிபாபு. "பொழுது சாஞ்சா புள்ள வூட்டுக்கு வந்துட்றான்."

வேதாச்சலத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்தனுக்கு வயிறு எரிகிறது, அதுவும் இவனுக்கு. அந்தச் சந்தோஷம் இரண்டு வாய் காபி குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு மகனின் கை தோளில் கனத்தது. தினமும் அந்த வேனை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகிற பிள்ளை என்ற நினைப்பு வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் செடியை அவர்கள் வந்த வேனில் ஏற்றினார்கள். போகும்போது அவர் பக்கக் கன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. ரூபாவிடம் மட்டும் சொன்னார்: "தண்ணி கம்மியா ஊத்தும்மா. ஆனா தெனம் பாரு. பாக்காம வுட்டாத்தான் கெட்டுப்பூடும்." அவள் தலையாட்டினாள். வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு திருப்பதி ரோட்டில் திரும்பியது. ஓட்டிப் போனது ஹரிபாபுவின் வேறொரு டிரைவர்.

மாடிக்கு வந்ததும் வேதாச்சலம் நேராகச் சமையலறைக்குப் போனார். ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளினார், மிளகாய் நாலு எடுத்தார்.

"டேய் சிரஞ்சீவி. இங்க வந்து கெழக்கு பாத்து குந்து."

"இன்னா நைனா இது?"

"குந்துடான்னா."

வெங்கடலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கணவர் மகனின் தலையைச் சுற்றி வலமும் இடமுமாகக் கையைக் கொண்டுபோவதைப் பார்த்தாள். அவருடைய கண்ணுக்காகத்தான் இந்த வீட்டில் இதுவரை உப்பு கரைந்திருக்கிறது.

"யார் கண்ணுக்குங்க?" என்று கேட்டாள்.

"என் தம்பி கண்ணுக்கு" என்றார் வேதாச்சலம். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "பாவம், அவனுக்கு யாரு கீறாங்க."

அவள் மிளகாயை அடுப்பில் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உப்பு அதில் விழுந்து கரைந்தது. கால் படாத இடம் தேடி அவள் பார்வை பழக்கத்தில் ஜன்னலுக்குப் போனது. அங்கே தொட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது.

வேதாச்சலமே சொம்பை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். தெருமுனை வரைக்கும் நடந்து, யாருடைய செடியும் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றிவிட்டு வந்தார்.